கேள்விக்குறிக்கு நம்பர் கிடையாது

ஜெயகுமாரிக்கு வலிப்பு வருவதற்குச் சற்று முன் பால் தீய்ந்த வாடை வரும். அடுப்பில் பால் இருக்காது. வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போதும் வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். வாடையின் பின்னாலேயே ஒரு பெண் வந்து இடது தோளுக்குப் பின்னால் நிற்பது போலிருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் நிற்பவளுடைய மூச்சு கழுத்தில் படும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பது ஜெயகுமாரிக்குத் தெரியாது. கண் விழிக்கும்போது யாராவது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். நாக்கு கடிபட்டு எரியும்.

ஆவடியில் டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா நாசரேத்திலிருந்து அந்த வேலைக்காக வடக்கே வந்தவர். பள்ளி இறுதி வகுப்பில் முதல்முறை விழுந்தபோது, அப்பா அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய்த் தலை முழுக்க ஒயர் ஒட்டிப் படம் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்தவர் டாக்டர் இராமகிருஷ்ணன். அப்போது இளைஞர், பிற்பாடு அம்பத்தூரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, கடைசிவரை அவளுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான்.

"மூளையில இந்த இடத்துல கரண்டு கொஞ்சம் கசியுதும்மா. கசியறப்ப வாடை வரும், ஆள் நிக்கற மாதிரி இருக்கும். ஆளெல்லாம் கிடையாது. உன் மூளை உனக்குப் போட்டுக் காட்டற சினிமா, அவ்வளவுதான்" என்றார் அன்றைக்கு.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்து நிற்பவளைப் பற்றி அவளுக்குப் பயமே இருந்ததில்லை. வாடை வந்ததும் ஸ்டவ்வை அணைத்துவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். அந்தப் பெண் வந்து நிற்பது ஒரு வகையில் உதவியாகக்கூட இருந்தது. விழுவதற்கு முன்னால் தகவல் சொல்லிவிட்டுப் போகிறவள் மாதிரி.

பெண் பார்க்க வந்த பால்ராஜிடம் முதல் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் பூந்தமல்லிக்காரன். திருமழிசைத் தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை.

"வலிப்புதானே? எங்க மாமனுக்குங்கூட இருந்துச்சு. இதுக்காகவா மூஞ்ச இப்படி வச்சுகினு கீற?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக ஜெயகுமாரி தன் தோழிகளிடம் சொல்வாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முகப்பேர் வீட்டு வசதி வாரிய அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் குடியேறினார்கள். பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் அவளுக்கு இரண்டாம் வகுப்பு ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கேயும் ஒளிக்கவில்லை. வகுப்பில் ஒருமுறை விழுந்தபோது பிள்ளைகள் அலறவில்லை. மிஸ் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தபடி ஒருத்தி ஓடிப்போய் அடுத்த வகுப்பு டீச்சரைக் கூட்டிவந்தாள். மற்றவர்கள் "மிஸ் தூங்குறாங்க" என்று வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பால்ராஜ் சூப்பர்வைசர் ஆனதும் அவன் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டது. அந்தத் தரத்துக்காரர்களையும் குடும்பத்தையும் கம்பெனி ஒரு காப்பீட்டில் சேர்த்துவிட்டது. சில வருஷங்களில் மழைக்காலத்தில் ஜெயகுமாரிக்கு வலிப்பு அடுக்கடுக்காக வரும். அம்பத்தூர் மருத்துவமனையில் படுக்கையில் சேர்த்து ஊசி போட்டுத்தான் அடக்க வேண்டும். மருத்துவமனை தாள்களை அனுப்பும், காப்பீட்டிலிருந்து கட்டிவிடுவார்கள். நோய் அந்த வீட்டில் ஒரு வேலையாக இருந்ததே தவிர ஒரு கவலையாக இருந்ததில்லை.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்திலும் அப்படித்தான் சேர்ந்தாள், தேறினாள், வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு அதிரசம்கூடச் சுட்டாள். பொங்கல் முடிந்து கம்பெனிக்குக் காப்பீட்டுக்காரர்களின் பதில் வந்தது.

பர்சனல் பிரிவில் இருந்த பாஸ்கரன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, பால்ராஜைக் கூப்பிட்டு அனுப்பினான். பாஸ்கரன் கெட்டவன் இல்லை. ஆனால் வாய் நிற்காது. பால்ராஜ் பிரஸ் ஷாப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் கேண்டீன் வரை விஷயம் போயிருந்தது. மனநோய்க்கான சிகிச்சை இந்தக் காப்பீட்டில் சேராது, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான்.

"நம்பர் அப்படித்தான் போட்டு வந்துகீது, அண்ணாத்தே" என்றான் பாஸ்கரன். "இப்ப எல்லா சீக்குக்கும் புது நம்பர் வந்துகீதாம். உங்க ஊட்டம்மாவுக்குப் போட்டது மெண்டல் கேசுக்குப் போடற நம்பராம். நானே போன் பண்ணிக் கேட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பால்ராஜ் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"என்னங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"உனுக்கு மூளைல கோளாறுன்னு எழுதிக்கீறாங்க ஜெயா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூளையிலதானே கோளாறு? இத்தனை வருஷமா அதுக்குத்தானே மாத்திரை போடறேன்?"

"அது இல்ல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பைத்தியம்னு எழுதிக்கீறாங்க. ஆஸ்பத்திரியே எழுதிக்குடுத்துகீது. அவங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கேள்விதான் அவளை முதலில் கலங்கவைத்தது. 'அவங்களுக்குத் தெரியாததா?' பால்ராஜ் அதைக் கோபத்தில் கேட்கவில்லை. யோசித்துக் கேட்டான். அன்றையிலிருந்து அவள் பின்னால் ஏதாவது சத்தம் கேட்டுத் திரும்பினால், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

பால்ராஜோடு வேலை செய்கிறவரின் மகன் அவள் வகுப்பில் படித்தான். மாசி பிறப்பதற்குள் பள்ளித் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

"வலிப்புன்னா நாங்க பார்த்துக்கிட்டோம் மிஸ். அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. இது வேற. சின்னப் பிள்ளைங்க விஷயம்."

"சார், அதே வியாதிதான். வியாதி மாறல."

"எனக்குப் புரியுது. பெத்தவங்களுக்கு நான் எப்படிப் புரியவைக்கறது?"

அவள் தன் சாக்பீஸ் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் பிள்ளைகள் வழக்கம்போலக் கையாட்டினார்கள். ஒரு பையன் மட்டும் ஆட்டாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை அந்தப் பையனின் கண் அவள் கூடவே வந்தது.

மருத்துவமனைக்குப் போய்க் கேட்கலாம் என்று பால்ராஜிடம் சொன்னாள். அவன் ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டான். அந்த வாசலில் போய் நின்று 'என் பெண்டாட்டி பைத்தியமா' என்று கேட்க அவனுக்குக் கூச்சம். அதற்குள் அவனுடைய அக்கா சாராள் வந்துவிட்டாள்.

சாராள் பட்டாபிராமில் இருந்தாள். கணவனை இழந்தவள், பிள்ளைகள் இல்லை. அங்கே தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டில் எந்நேரமும் கிடப்பாள். ஜெயகுமாரி மேல் அவளுக்குப் பிரியம் உண்டு, அதில் பொய்யில்லை. தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஜெயா, உனுக்கு வர்றதுக்கு முன்னாடி இன்னா ஆவுது? மறைக்காம சொல்லு."

"பால் தீய்ஞ்ச வாடை வரும் அண்ணி. அப்புறம் பின்னாடி ஒரு பொம்பளை நிக்கற மாதிரி இருக்கும்."

எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன வாசகம் அது. சாராள் கையை எடுத்துக்கொண்டாள்.

"பாலு," என்றாள் தம்பியைப் பார்த்து, "இத்தினி வருசமா இவ சொல்லிகினுதான் கீறா. நம்ம காதுலதான் ஏறல. டாக்டருங்களே இது ஒடம்பு சம்பந்தப்பட்டது இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்னா மிச்சம் கீது?"

ஜெயகுமாரியின் சொந்தச் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து, மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதான், நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பால்ராஜ் தலையாட்டினான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிப் பட்டாபிராமுக்கு அழைத்துப் போனான்.

தகரக் கூரையின் கீழே வெயில் அனலாக இறங்கியது. பத்துப் பதினைந்து பெண்கள் கண்ணை மூடி, வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் ராயப்பன் என்று பெயர், மென்மையாகப் பேசுகிறவர். அவளைச் சுவரைப் பார்த்து மண்டியிடச் சொன்னார். அவளுக்கு முதுகுப் பக்கமாக நின்று, அவளிடம் இல்லாமல், அவளுக்குப் பின்னால் இருப்பதிடம் பேசினார்.

"உன் பேரைச் சொல்லு. நீ யாரு? எங்கேர்ந்து வந்தே?"

ஜெயகுமாரிக்கு அன்றைக்கு வாடையும் வரவில்லை, யாரும் வந்து நிற்கவுமில்லை. ஆனால் அவ்வளவு பேர் அவள் தோளுக்குப் பின்னால் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில், அந்த இடம் காலியாக இருக்கமுடியாது என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று சாராள் கேட்டாள். ஜெயகுமாரி எதிர்த்துப் பேசினாள், அழுதாள். ஒருநாள் பால்ராஜ் மாத்திரைகளை வாங்கிவராமல் விட்டுவிட்டான். அவள் தானே போய் வாங்கியிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை அவளால் பிறகு யாருக்கும் சொல்ல முடியவில்லை. ஒருவேளை அண்ணி சொல்வது நிஜமாக இருந்து, மாத்திரை இல்லாமலே இது போய்விட்டால், தன்னைப் பழையபடி எல்லோரும் பார்ப்பார்களே என்ற ஆசைதான் காரணமாக இருக்கவேண்டும்.

போகவில்லை. வலிப்பு திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமையோ நான்காம் வெள்ளிக்கிழமையோ, ஜெபவீட்டிலேயே விழுந்தாள். கண் விழித்தபோது சாராளின் மடியில் தலை இருந்தது. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள்.

"சொல்லிட்டா" என்றாள் சாராள். அவள் முகத்தில் வேர்வையும் வெற்றியும். "பேரைச் சொல்லிட்டா. பார்வதம்."

"யாரு பார்வதம்?" என்று ஜெயகுமாரி கேட்டாள்.

"நீதான் சொன்ன. உன் வாயாலதான் வந்துச்சு. எல்லாரும் கேட்டுகினுதானே இருந்தோம்."

ஜெயகுமாரிக்குப் பார்வதம் என்று ஒருவரையும் தெரியாது. ஆவடிக் குடியிருப்பில், பள்ளியில், சபையில், சொந்தத்தில் எங்கேயும் இல்லை. வலிப்பு தெளிகிற நேரத்தில் வாய் எதையாவது குழறும் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அது நினைவில் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் கீழ்த்தளத்து வீராசாமியிடம் போனாள். அந்தக் கட்டடத்தில் முதலில் குடிவந்தவர் அவர்தான். எங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் யார் இருந்தார்கள், பார்வதம் என்று யாராவது, என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"யாருமே இல்லம்மா. உங்களுக்கு மின்னாடி அந்த ஊடு பூட்டியேதான் கெடந்துச்சு. வாங்குனவரு பம்பாய்லயே இருந்துட்டாரு. பார்வதமா? இந்தப் பிளாக்லயே அப்படி யாரும் கெடையாதே. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

படியேறி வரும்போது அவள் இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒருத்தி இருந்தாள், செத்தாள் என்று அவர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டாள். எங்கேயும் வாழாத, எங்கேயும் சாகாத ஒருத்தி தன் வாயிலிருந்தே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வாடை வந்து அந்த மூச்சு கழுத்தில் பட்டபோதெல்லாம், ஜெயகுமாரி படுத்துக்கொள்ள மறந்து அப்படியே நின்றாள். நின்றபடி விழுந்தாள். ஒருமுறை கட்டில் விளிம்பில் மோதி முன்பல் உடைந்தது.

பங்குனி வெயிலில் ஒரு காலை வேளை, சமையலறையில் விழுந்தவளுக்கு வலிப்பு நிற்கவேயில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. உதடு நீலம் பாரித்தது. சாராள் தலைமாட்டில் உட்கார்ந்து உரக்க ஜெபித்தாள். பால்ராஜ் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, "போதும் நிறுத்துக்கா! செத்துடுவா!" என்று கத்தினான். கத்தியவன் அவளை வாரித் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஆட்டோவில் போட்டான்.

அம்பத்தூர் மருத்துவமனையில் அவளுக்கு நினைவு திரும்பச் சில நாட்கள் ஆயின. முதலில் கண்ணில் பட்டவர் டாக்டர் இராமகிருஷ்ணன். அவர் பால்ராஜைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா மாத்திரையை நிறுத்தச் சொன்னது?"

"நீங்கதானே சார் எழுதினீங்க," என்றான் பால்ராஜ். அழுதுவிட்டான். "மெண்டல்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"நானா?"

அவர் ஆளனுப்பி ரெக்கார்டு ரூமிலிருந்து லோகநாயகியை வரவழைத்தார். நோய்களுக்கு எண் போட்டுக் காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. நாற்பதை நெருங்கும் பெண். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு பேசினாள். பழைய புத்தகத்தில் வெறும் எண்கள்தான் இருந்தன. ஜெயகுமாரிக்கு முதலில் போட்ட எண்ணையே வருஷா வருஷம் பார்த்து எழுதினால் போதும். போன வருஷம் புதுப் புத்தகம் வந்தது. இதில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து. நரம்புக் கோளாறு ஓர் எழுத்தில், மனக்கோளாறு வேறோர் எழுத்தில். பழையதை அப்படியே மாற்ற முடியவில்லை; ஒவ்வொரு நோயாளிக்கும் முதலிலிருந்து தாள்களைப் படித்துப் புதிதாகப் போடவேண்டியிருந்தது.

"உங்களை முதல்தடவை இங்க சேர்த்தப்ப டூட்டில இருந்த டாக்டர், வலிப்புன்னு எழுதி, பக்கத்துல ஹிஸ்டீரியாவான்னு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாரும்மா. பழைய புத்தகத்துக்கு வலிப்புங்கற வார்த்தையே போதும். புதுசுல என்ன மாதிரி வலிப்புன்னு கேக்குது. நான் அந்த வார்த்தையைப் பார்த்துட்டு..." லோகநாயகி நிறுத்தினாள். "கேள்விக்குறிக்கு நம்பர் கிடையாதும்மா. இருக்குன்னு போடணும், இல்ல இல்லைன்னு போடணும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் டாக்டர்.

"ரெண்டு ரூம் நிறைய தாள் சார். மாசக் கடைசிக்குள்ள மாத்தணும்னாங்க."

ஜெயகுமாரி உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு படுத்திருந்தாள். லோகநாயகி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. யார் மேலும் வரவில்லை. 'பார்வதத்துக்கு என்ன நம்பர்?' என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

டாக்டர் இராமகிருஷ்ணன் பழைய ஒயர் படத்தை இணைத்துக் காப்பீட்டுக்காரர்களுக்குக் கைப்பட எழுதினார். ஆடியில் பதில் வந்தது. திருத்திக்கொண்டார்கள்; இரண்டு தடவைக்கும் சேர்த்துக் கட்டினார்கள். பாஸ்கரன் அதையும் கேண்டீன் முழுக்கச் சொன்னான். ஆனால் முதலில் சொன்னதைக் கேட்ட அத்தனை பேரும் இதைக் கேட்கவில்லை. பள்ளியில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்திருந்தாள். ஜெயகுமாரி வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள்; வானகரத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். சாராள் வருவது குறைந்தது. வந்தால் வாசலிலேயே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஜெயகுமாரியின் இடது தோளைப் பார்க்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டுவிட்டுப் போவாள்.

பால்ராஜ் பழையபடி ஆகத்தான் முயன்றான். நேரத்துக்கு மாத்திரை எடுத்து வைப்பான். மன்னிப்பும் கேட்டான், ஒருதடவை, தட்டைப் பார்த்துக்கொண்டே. அவள் "சாப்பிடுங்க" என்றாள்.

மாத்திரை திரும்பியதும் வலிப்பு அடங்கிவிட்டது. வாடையும் மூச்சும் மட்டும் எப்போதாவது வந்து, விழவைக்காமல் விலகிப் போயின. முன்பெல்லாம் அது வெறும் படம். கரண்டு கசிகிற இடம். இப்போது அதற்குப் பெயர் இருந்தது. எண்ணைத் திருத்த ஓரிடம் இருந்தது. ஒருவர் எழுதினார், திருத்திவிட்டார்கள். பெயரை எங்கே போய்த் திருத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் சட்டென்று நிமிர்வாள். 'பார்வதம்' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். சொன்னால்தான் விலகும் என்று ஒரு பழக்கமாகிவிட்டது.

மறுவருஷம் பரிசோதனைக்குப் போனாள். மருத்துவமனையிலேயே இப்போது அந்த ஒயர் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்து மகிழ்ந்தார்.

"வலிப்பு வரவே இல்லையா?"

"இல்ல சார்."

"அந்த வாடை? பின்னாடி ஆள் நிக்கற மாதிரி இருக்கும்பியே, அது?"

அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சொல்வது அத்தனையும் தாளில் ஏறும். தாள் கீழே ரெக்கார்டு ரூமுக்குப் போகும். அங்கே அது எந்த எழுத்தின் கீழ் உட்காருமோ, அந்த எழுத்து எந்தெந்த வாசலுக்குப் போய் நிற்குமோ. ஜெயகுமாரி மருத்துவரிடம் பொய் சொன்னவளே இல்லை. பெண் பார்க்க வந்தவனிடமும், வேலை கொடுத்தவரிடமும், ஏழு வயதுப் பிள்ளைகளிடமும்கூட உண்மையைச் சொன்னவள்.

"அதெல்லாம் நின்னுபோச்சு சார்" என்றாள்.

"அப்படிப் போடு! அப்ப ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிடலாம்." அவர் எழுதிக்கொண்டே போனார். அவள் அந்தச் சீட்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

வெளியே பால்ராஜ் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். "இன்னா சொன்னாரு?"

"நல்லாருக்கேனாம். மாத்திரை குறைச்சிருக்கார்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் சிரித்த அந்தச் சிரிப்பு. வண்டியைக் கிளப்பினான். அவள் ஏறி, வழக்கத்தைவிட அவனோடு நெருக்கி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னாடி அவ்ளோ எடம் கீது, ஏன் நெருக்கற?"

"போங்க" என்றாள் ஜெயகுமாரி.